நுண்ணுயிர் சொல்லும் கடல் வரலாறு

நுழையும்முன்

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் சொல்கின்றன. கடலின் வரலாற்றைச் சொல்வது எது? கடல் இன்று நிற்கும் கரையில்தான் என்றும் நின்றதா? பல்லாயிரம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அது எங்கெங்கு ஏறி வந்தது, எங்கெங்கு விலகிச் சென்றது? இவ்வினாக்களுக்கு விடை தரும் ஆவணங்கள் மணலிலும் களிமண்ணிலும் புதைந்து கிடக்கின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுயிர்களின் ஓடுகளே அவ்வாவணங்கள்.

ஆற்றின் வழி ஒரு பயணம்

தென்காசி மாவட்டத்தில், பொதிகை மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் ஆய்க்குடி. சங்ககால வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரனோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பழமை வாய்ந்த ஊர் அது. அவ்வூரின் வயல்களுக்கு வளம் சேர்க்கும் அனுமன் நதி சிற்றாற்றோடு கலக்கிறது. குற்றாலத்தில் அருவியாக விழுந்து பெருகிவரும் சிற்றாறு, சீவலப்பேரிக்கு அருகில் பொருநை எனப்படும் தாமிரபரணியில் சேர்கிறது. பொருநை புன்னைக்காயலில் கடலை அடைகிறது.

ஆய்க்குடி ஆற்றுமணலை ஒரு கைப்பிடி அள்ளி உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், மலைப்பாறைகள் சிதைந்து உண்டான கனிமத் துகள்களே தென்படும். அப்பகுதியின் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் உருமாறியவை. எனவே அவற்றில் உயிர்களின் சுவடு எதுவும் இல்லை. அதே ஆறு கடலை அடையும் இடத்தில் மணலை அள்ளிப் பார்த்தால் காட்சி மாறுகிறது. மலைத்துகள்களுக்கு இடையே சிறுசிறு சுருள்களும், கோளங்களும், முத்துகளைக் கோத்தாற்போன்ற வரிசைகளும் காணப்படுகின்றன. இவை மலையிலிருந்து வந்தவை அல்ல, கடலில் பிறந்தவை. மலைமணலுக்கும் கடல்மணலுக்கும் உள்ள இந்த வேறுபாடே பண்டைக் கடலின் எல்லையைக் கண்டறிவதற்கான முதல் திறவுகோல்.

துளைதாங்கிகள்

கடலில் பிறந்த அச்சிற்றோடுகளில் பெரும்பாலானவை போராமினிபெரா என்னும் ஒருசெல் உயிர்களுக்கு உரியவை. 1826ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கை அறிஞர் அல்சிட் தோர்பிஞி இப்பெயரை வழங்கினார். துளைகளைத் தாங்கியது என்பது அதன் பொருள். அதனால் தமிழில் இவற்றைத் துளைதாங்கிகள் எனலாம். ஓட்டின் வாய் வழியாகவும் நுண்துளைகள் வழியாகவும் மெல்லிய இழைகளை நீட்டி இவை உணவைப் பற்றுகின்றன. வளர வளரப் புதிய அறைகளைக் கட்டி ஓட்டைப் பெரிதாக்குகின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுடையவை.

எல்லா இனங்களும் ஒரே பொருளால் ஓட்டைக் கட்டுவதில்லை. பல இனங்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கட்டுகின்றன. சில இனங்கள் சுற்றியுள்ள மணல்துகள்களைப் பொறுக்கி ஒட்டவைத்துக் கட்டுகின்றன. உயிர் மாய்ந்தபின் ஓடு கடலடியில் தங்கி, மேலே படியும் மண்ணால் மூடப்பட்டு, காலப்போக்கில் நுண்புதைபடிவமாகிறது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வுயிர்கள் கடலில் வாழ்ந்து வருகின்றன.

பெரிய விலங்கின் எலும்பு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் உடைந்தே கிடைக்கும். துளைதாங்கிகளோ ஒரு கிராம் கடல்மண்ணில்கூட நூற்றுக்கணக்கில் இருக்கக்கூடும். ஆழ்துளையிடும்போது மேலே வரும் சிறு கல்துண்டிலும் அவை முழுமையாகக் கிடைக்கும். இந்த எண்ணிக்கையும் முழுமையுமே அவற்றை நம்பத்தகுந்த சான்றுகளாக்குகின்றன.

முகவரி சொல்லும் உயிர்கள்

குறிஞ்சிக்கு உரிய மரம் நெய்தலில் செழிப்பதில்லை. நெய்தலுக்கு உரியது பாலையில் வாழ்வதில்லை. நிலத்துக்கேற்பக் கருப்பொருள் வேறுபடும் என்பது தமிழ் இலக்கணம் கண்ட உண்மை. கடலுக்கும் அத்தகைய திணைப்பாகுபாடு உண்டு. நீரின் ஆழம், உப்பு, வெப்பம், ஒளி, உணவு ஆகியவற்றுக்கு ஏற்ப ஒவ்வோர் இனமும் தனக்குரிய இடத்தைத் தேர்ந்து வாழ்கிறது.

நீரேற்றத்தின்போது மட்டும் உப்புநீர் எட்டும் சதுப்புகளில் மணல்துகள்களால் ஓடு கட்டும் இனங்கள் மிகுதி. பழவேற்காடு போன்ற உவர்நீர்க் கழிகளில், உப்பின் ஏற்றத்தாழ்வைத் தாங்கும் அமோனியா என்னும் பேரினம் காணப்படுகிறது. பவளத்திட்டுகள் சார்ந்த தெளிந்த வெப்பக்கடலில் ஆம்பிஸ்டெஜினா வாழ்கிறது. கரையை விட்டு விலகிய திறந்த கடலின் மேற்பரப்பில் குளோபிஜெரினா போன்றவை மிதந்து திரிகின்றன. கடலடியில் வாழ்வனவற்றை அடிவாழ் இனங்கள் என்றும், நீரில் மிதப்பனவற்றை மிதவை இனங்கள் என்றும் அறிவியலார் பிரிப்பர்.

இப்பிரிவு ஓர் எளிய அளவுகோலைத் தருகிறது. கரையோரத்தின் ஆழமற்ற நீரில் மிதவை இனங்கள் மிகக் குறைவு. கரையிலிருந்து விலகி ஆழம் கூடக்கூட, அடியில் படியும் ஓடுகளில் மிதவை இனங்களின் பங்கு பெருகுகிறது. ஆகவே ஒரு பாறை அடுக்கில் அடிவாழ் ஓடுகளே நிறைந்திருந்தால் அது கரையருகில் படிந்தது எனவும், மிதவை ஓடுகள் மிகுந்திருந்தால் ஆழ்கடலில் படிந்தது எனவும் கொள்ளலாம். கீழிருந்து மேலாக அடுக்குகளை வரிசையாகப் படிக்கும்போது மிதவை ஓடுகளின் பங்கு கூடிக்கொண்டே சென்றால், அவ்விடத்தில் கடல் ஆழமாகிக் கரை உள்நோக்கி நகர்ந்தது என்று பொருள். இதனைக் கடல் முன்னேற்றம் என்பர். குறைந்துகொண்டே சென்றால் அது கடல் பின்வாங்கல்.

ஆய்வு நிகழும் முறை

முதலில் மண் அல்லது பாறை மாதிரி ஊறவைக்கப்படுகிறது. பின்னர் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு அளவே கண் உடைய சல்லடையில் இட்டு நீரால் கழுவப்படுகிறது. சேறு வெளியேற, மணலும் ஓடுகளும் தங்குகின்றன. அவற்றை உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ்ப் பரப்பி, ஈரமாக்கிய மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வோர் ஓட்டையும் தொட்டு எடுத்து இனவாரியாகப் பிரித்து எண்ணுகின்றனர். இன்றைய கடலிலிருந்து எடுத்த மாதிரியாயின், ரோஸ் பெங்கால் என்னும் சாயம் சேர்க்கப்படும். மாதிரியை எடுத்தபோது உயிருடன் இருந்தவை சிவப்பேறும். வெற்று ஓடுகள் ஏறா. இதனால் எந்த இனம் எந்த ஆழத்தில் இன்று வாழ்கிறது என்பது தெளிவாகும். இன்றைய வாழ்விடத்தை அறிந்தே அன்றைய வாழ்விடத்தை உய்த்துணர முடியும். பொறுமையே இவ்வாய்வின் முதன்மையான கருவி.

அரியலூரில் அலையடித்த காலம்

தமிழகத்தில் கடலின் ஏற்ற இறக்கத்தை மிக விரிவாகப் படிக்கத்தக்க இடம் அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் படிவப்பாறைப் பகுதியாகும். கிரிட்டேசியஸ் எனப்படும் புவிக்காலத்தில் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு இப்பகுதியை ஆராய்ந்து 1862இல் வெளியிட்ட அறிக்கையில், இங்குள்ள கிரிட்டேசியஸ் பாறைகளை ஊத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனத் தொகுதிகளாகப் பிரித்தார். இவற்றுக்கு மேல் நிணியூர்த் தொகுதி அமைந்துள்ளது. கடல் மாண்ட பல கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் பகுதிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பெயரால் உலக அறிவியல் நூல்களில் வழங்குகின்றன.

கீழிருந்து மேலாக இவ்வடுக்குகளைப் படித்தால் ஒரு கதை விரிகிறது. கல்லக்குடிப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லில் பவளங்களும் கடற்பாசிகளும் உள்ளன. ஒளி ஊடுருவும் ஆழமற்ற வெப்பக்கடல் அது. அதற்கு மேல் காரை என்னும் ஊரின் பெயரால் வழங்கும் களிமண் அடுக்குகள் வருகின்றன. இவற்றில் மிதவைத் துளைதாங்கிகள் மிகுந்துள்ளன. கடல் ஆழமாகியிருந்தது என்பதற்கு அவை சான்று. உலகெங்கும் கடல்மட்டம் மிக உயர்ந்திருந்த காலத்தோடு இது பொருந்துகிறது.

பின்னர்க் கருடமங்கலத்தின் மணற்பாறைகளில் கடல் ஆழம் குறைந்தமை தெரிகிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் காணப்படும் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம், நிலத்தில் வளர்ந்த மரம் நீரால் அடித்துவரப்பட்டுக் கடற்படிவில் புதைந்து கல்லானதாகும். புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் இதனை உலகறியச் செய்தார். அரியலூர்த் தொகுதியில் கடல் மீண்டும் பரவியது. கல்லங்குறிச்சியின் சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் அக்காலத்தது. இன்று நம் வீடுகளைக் கட்டும் சிமெண்டின் ஒரு பகுதி அக்கடலின் கொடையே.

அதன்பின் கல்லமேடு என்னுமிடத்து அடுக்குகளில் கடல்வாழ் துளைதாங்கிகளுக்கு மாறாக டைனோசர் எலும்புகள் கிடைக்கின்றன. கடல் விலகி, ஆறுகள் பாயும் நிலமாக அவ்விடம் மாறியதை இது காட்டுகிறது. மேலேயுள்ள நிணியூர்த் தொகுதியிலோ கடலுயிர்களின் சுவடுகள் மறுபடியும் தோன்றுகின்றன. கடல் திரும்பி வந்துவிட்டது. ஆனால் திரும்பி வந்தது பழைய உலகம் அன்று. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவில் டைனோசர்களோடு மிதவைத் துளைதாங்கிகளில் மிகப் பல இனங்களும் அழிந்தன. குளோபோட்ரங்கானா என்னும் பேரினம் அக்கால எல்லைக்கு மேல் தோன்றுவதே இல்லை. இவ்வாறு ஓடு ஆழத்தை மட்டுமன்றிக் காலத்தையும் சொல்கிறது.

காவிரிப் படுகையில் எண்ணெய் வளம் தேடித் துளையிடும்போதும் இவ்வறிவு பயன்படுகிறது. பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து வரும் கல்துண்டு எக்காலத்தது, எவ்வகைக் கடலில் படிந்தது என்பதைத் துளைதாங்கிகளைக் கொண்டு அறுதியிடுகின்றனர்.

பனிக்கட்டியின் கணக்கு

உலகக் கடல்மட்டம் ஏன் ஏறி இறங்குகிறது? அண்மைக்காலப் புவி வரலாற்றில் முதன்மையான காரணம் பனிக்கட்டி. புவி குளிரும்போது கடல்நீர் ஆவியாகி நிலத்தில் பனியாக உறைந்து தங்கிவிடுகிறது; கடல் தாழ்கிறது. புவி வெப்பமடையும்போது பனி உருகி ஓடுகிறது, கடல் உயர்கிறது.

இக்கணக்கும் துளைதாங்கியின் ஓட்டில் எழுதப்பட்டுள்ளது. நீரிலுள்ள ஆக்சிஜனில் நிறை எண் 16 உடைய இலகுவான வகையும், 18 உடைய கனமான வகையும் உள்ளன. இலகுவான வகையைக் கொண்ட நீர் எளிதில் ஆவியாகும். குளிர்காலங்களில் அது பனிக்கட்டியில் சிறைப்பட, கடலில் கனமான வகையின் விகிதம் கூடுகிறது. அக்கடல்நீரிலிருந்து ஓடு கட்டும் உயிர் அவ்விகிதத்தைத் தன் ஓட்டில் பதித்துக்கொள்கிறது. 1955இல் செசாரே எமிலியானி ஆழ்கடல் ஓடுகளில் இம்மாற்றங்களை அளந்து, அவற்றை வெப்பநிலையின் ஏற்ற இறக்கமாகவே பெரும்பாலும் கொண்டார். 1967இல் நிக்கலஸ் ஷாக்கிள்டன் அதில் பெரும்பகுதி பனிக்கட்டியின் அளவையே காட்டுகிறது என விளக்கினார். ஒரே சான்றுக்கு இரு பொருள் கூற இயலும்போது, எது சரியென மேலும் ஆராய்ந்து தெளிவதே அறிவியலின் இயல்பு.

இத்தகைய ஆய்வுகளால், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது என அறிகிறோம். பாக் நீரிணையின் ஆழம் இதனைவிட மிகக் குறைவு. ஆகவே தமிழகமும் இலங்கையும் அன்று நிலத்தால் இணைந்திருந்தன. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற பகுதிகளும் குமரிக்குத் தெற்கே ஒரு பரப்பும் கரையாக இருந்தன. பின்னர்ப் பனி உருகக் கடல் உயர்ந்து, ஏறத்தாழ 7,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது.

கொற்கை எழுப்பும் வினா

ஆய்க்குடியிலிருந்து ஆற்றோடு வந்த பயணம் இப்போது அதன் முகத்துவாரத்தை அடைகிறது. முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகம் கொற்கை. கிரேக்க, உரோமானிய எழுத்தாளர்களும் அதனை அறிந்திருந்தனர். 1968-69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கு அகழாய்வு செய்தது. அங்குக் கிடைத்த கரித்துண்டின் காலம் கதிரியக்கக் கரிமக் கணிப்பின்படி கி.மு.785 என அறியப்பட்டது. அன்று கடற்கரையில் விளங்கிய கொற்கை இன்று கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதன்பின் சிறந்த பழையகாயலும் கரையை இழந்தது. இன்று ஆற்றின் முகத்தில் நிற்பது புன்னைக்காயல்.

கடல் தாழ்ந்ததால் கரை விலகியதா? ஆறு மண்ணைக் கொட்டியதால் நிலம் வளர்ந்ததா? மேலோட்டமாக நோக்கின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இங்கே அடுக்குகளின் உயரமும் துளைதாங்கிகளும் துணைக்கு வருகின்றன. கடல்மட்டம் தாழ்ந்திருந்தால், கடல்வாழ் இனங்கள் நிறைந்த அடுக்கு இன்றைய கடல்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும்; ஆறு இல்லாத கரைகளிலும் அவ்வாறே காணப்பட வேண்டும். ஆறு நிலத்தை வளர்த்திருந்தால், கழிமுக இனங்களைக் கொண்ட அடுக்கு இன்றைய மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ கிடக்க, அதன்மேல் ஓடுகளற்ற ஆற்று வண்டல் மூடியிருக்க வேண்டும்.

இராமேசுவரத்தில் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் பழம்பவளப் பாறைகள், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் கடல் இன்றைவிடச் சற்று உயர்ந்து நின்றதைக் காட்டுகின்றன. எனினும் துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும், காயலிலிருந்து புன்னைக்காயலுக்கும் ஆற்றின் முகத்தைத் தொடர்ந்தே நகர்ந்திருப்பது பொருநையின் வண்டலைப் பெருங்காரணமாகக் காட்டுகிறது. பொதிகை மலையிலிருந்து ஆறுகள் அரித்துவந்த மண் ஒரு துறைமுகத்தின் வாயிலை அடைத்தது.

சான்றும் எச்சரிக்கையும்

தமிழிலக்கிய மரபு கடல்கோளைப் பேசுகிறது. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்த செய்தியைச் சிலப்பதிகாரமும், கடல்கொண்ட தென்மதுரை, கபாடபுரம் ஆகியவற்றை இறையனார் களவியல் உரையும் குறிப்பிடுகின்றன. பனியுகத்தின் முடிவில் தென்கரையின் நிலம் கடலுள் மறைந்தது என்பது அறிவியல் உண்மை. ஆனால் மறைந்தது கரையோரத்தின் ஆழமற்ற நிலப்பரப்பே. இந்தியப் பெருங்கடலில் மனிதர் வாழ்ந்த காலத்தில் ஒரு கண்டமே மூழ்கியது என்பதற்குக் கடலடி ஆய்வுகள் இடம் தரவில்லை. கடல் கரையை விழுங்கிய பட்டறிவு இலக்கியத்தில் நினைவாகப் பதிந்திருக்கலாம். அந்நினைவு எந்த நிகழ்ச்சியைக் குறிக்கிறது என்பதைக் காலக்கணிப்போடு கூடிய சான்றுகளே உறுதிசெய்ய வேண்டும். இலக்கியத்தை இலக்கியமாகவும் சான்றைச் சான்றாகவும் மதிப்பது இரண்டுக்கும் பெருமை சேர்க்கும்.

ஓடுகளும் சில வேளைகளில் ஏமாற்றும். பழைய பாறையிலிருந்து அரிக்கப்பட்ட ஓடு புதிய மண்ணில் கலந்துவிடலாம். புயலும் ஆழிப்பேரலையும் கடலோடுகளை நிலத்தில் வீசிவிடலாம். 2004 டிசம்பர் 26 அன்று தமிழகக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை விட்டுச்சென்ற மணலிலும் கடல்வாழ் துளைதாங்கிகள் இருந்தன. அதனைக் கண்டு கடல்மட்டமே உயர்ந்தது என்று முடிவு செய்தல் பிழையாகும். நிலம் தானே உயர்ந்தும் தாழ்ந்தும் கடல் நகர்ந்ததுபோல் தோன்றச் செய்யலாம். எனவே ஓர் ஓட்டையோ ஓர் இடத்தையோ மட்டும் நம்பாமல், பல இனங்களையும் பல இடங்களையும் காலக்கணிப்பையும் ஒப்பிட்டே முடிவுக்கு வருவர்.

நாளைய கரை

கடல் இன்றும் நகர்ந்துகொண்டிருக்கிறது. காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளின் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. கடல் முன்பும் உயர்ந்ததுதானே என்று இதனைப் புறந்தள்ள இயலாது. முன்பு உயர்ந்தபோது கரையில் மாநகரங்களும் துறைமுகங்களும் மீனவர் குப்பங்களும் உப்பளங்களும் இல்லை. மேலும் இன்றைய உயர்வுக்கு மனிதச் செயல்களே முதன்மைக் காரணம்.

எதிர்காலக் கடல்மட்டத்தைக் கணிப்போர் தம் கணக்கு சரியா என்பதைக் கடந்தகாலத்தோடு பொருத்திப் பார்க்கின்றனர். எவ்வளவு வெப்பத்துக்கு எவ்வளவு பனி உருகியது, கடல் எவ்வளவு விரைவாக ஏறியது என்பனவற்றுக்கான பழங்கணக்கைத் தருவனவற்றுள் இச்சிற்றோடுகள் முதன்மையானவை. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் பெரிய சிப்பிகளையும் நத்தைகளையும் கண்டு வியப்போர், அவற்றைச் சுற்றியிருந்த மண்ணிலேயே கண்ணுக்குப் புலப்படாத சான்றுகள் கோடிக்கணக்கில் இருந்தன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆய்க்குடியின் வயலோரத்தில் ஓடும் அனுமன் நதி இன்றும் மலையின் துகளைக் கடலை நோக்கிச் சுமந்து செல்கிறது. அது சேரும் இடத்தில் இன்று வாழும் துளைதாங்கிகள், இன்றைய கடலின் ஆழத்தையும் வெப்பத்தையும் தம் ஓடுகளில் பதித்துக்கொண்டிருக்கின்றன. நம் காலத்தில் மனிதர் கடலை எவ்வாறு நடத்தினர் என்பதும் அப்பதிவில் இடம்பெறும்.